பதினோரு மண்குவளைகள்

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு டீக்கடை வந்திருக்கிறது. கண்ணாடி கிளாஸ் கிடையாது, மண் கப்பில்தான் டீ. முதல் நாள் மகன் ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தான். வாயருகே கொண்டு போனதும் டீ வாசனைக்கு முன்னால் மண் வாசனை வந்தது. கோடை முடிந்து முதல் தூறல் விழுந்த முற்றத்தில் வருமே, அந்த வாசனை. குடிக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் மகனும் அவன் நண்பனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் டாட்டன்ஹாம் கால்பந்து அணி என்றால் உயிர். அந்த அணியின் கோச் போஸ்டகோக்ளுவை வேலையை விட்டு அனுப்பியிருந்த நேரம் அது. “பில்பாவோ ஃபைனல்ல பின்னாடி ஆள நிறுத்தி ஒரே ஒரு கோல்ல ஜெயிச்சாருல்ல? அத முதல்லயே செஞ்சிருந்தா லீக்ல பதினேழாவதா வந்திருப்போமா?” என்றான் நண்பன். மகன் ஒப்புக்கொள்ளவில்லை. 2023 நவம்பரில் செல்சியோடு ஆடிய ஆட்டத்தை எடுத்தான். இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர். அப்போதும் அந்த கோச் தற்காப்பு வரிசையை நடுக்கோட்டை விட்டுப் பின்னால் இறக்கவில்லை. 1–4 என்று தோற்றார்கள், செல்சியின் ஜாக்சன் மூன்று கோல் போட்டான். “தோத்தா என்னடா, அன்னிக்குத்தான் அது டீமா இருந்துச்சு” என்றான் மகன்.

1–4. ஒரே ஆள் மூன்று கோல். தோற்ற பிறகும் தலை குனியாத ஒரு ரசிகன். இதே பேச்சை நான் வங்காள மொழியில் கேட்டிருக்கிறேன். இவன் அப்போது ஒன்றரை வயதுக் குழந்தை, பேசியவரின் மனைவி இடுப்பில் உட்கார்ந்து அவர் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வேலை மாற்றலில் கொல்கத்தா போனபோது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அந்தப் பக்கம் நம் ஆட்கள் அதிகம். முருங்கைக்காயும் வாழையிலையும் காபிப்பொடியும் கேட்டால் கிடைக்கும். வீட்டுக்காரரை நாங்கள் மேஷோமஷாய் என்று கூப்பிடுவோம், சித்தப்பா என்கிற மாதிரி. அவர் மனைவி மாஷிமா. மேஷோமஷாய் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாக்காரர். ஆகவே கால்பந்தில் மோகன் பகான் கட்சி. அந்த ஊரில் அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மேற்கு வங்கத்துப் பூர்வகுடி என்றால் மோகன் பகான், பிரிவினையின்போது கிழக்கிலிருந்து வந்த குடும்பம் என்றால் ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் ஜெயித்தால் சந்தையில் இறால் விலை ஏறும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன்.

எதிர்க்கட்சி என் அலுவலகத்திலேயே இருந்தது. எங்கள் தலைமை எழுத்தர். பொரோபாபு என்பார்கள், பெரிய பாபு. பரிசாலிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர், ஜாதவ்பூர் பக்கம் அகதிகள் குடியிருப்பில் வளர்ந்தவர். எனக்கு வீடு பார்த்துக் கொடுக்க வந்த இடத்தில்தான் மேஷோமஷாயோடு பேச்சுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். வாடகைக்காரனைப் பார்க்க வந்தவர் வாடகைக்காரனைத் தாண்டி நேராகத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஒருவரையொருவர் ‘மோஷாய்’ என்றுதான் விளிப்பார்கள், நம் ஊர் ‘ஐயா’ போல. சண்டை எவ்வளவு முற்றினாலும் அந்த ‘மோஷாய்’ கீழே இறங்கியதில்லை.

முனைக் கடைப் பையன் கெட்டிலோடு வருவான். டீ மண்குவளையில் வரும், பாண்ட் என்பார்கள். நம் விரல் அளவுதான் உயரம், நாலு மடக்கு. குடித்துவிட்டுத் தெருவில் போட்டு உடைப்பதுதான் ஊர் வழக்கம். குழந்தை காலில் குத்தும் என்று மாஷிமா அதைத் தடுத்து, திண்ணைக்கடியில் ஒரு கூடை வைத்திருந்தார். அந்தக் கூடைதான் இரு கிழவர்களுக்கும் ஆயுதசாலை. பதினோரு குவளைகளை எடுத்துத் திண்ணையில் கவிழ்த்து வைத்தால் ஓர் அணி தயார்.

1997 கோடை முழுக்க அந்தத் திண்ணையில் ஒரே வடிவம்தான் இருந்தது. வைரம். மோகன் பகானுக்கு அமல் தத்தா கோச்சாக வந்திருந்தார். நடுக்களத்து நான்கு பேரை வைர வடிவில் நிறுத்தினார்: அடியில் ஒருவர், இரு பக்கம் இருவர், நுனியில் ஒருவர். பந்து கையில் கிடைத்த நிமிஷத்தில் அந்த வைரம் முழுசாக முன்னே நகரும். பின்னால் நிற்பவர்களும் ஓரங்களில் ஏறி வருவார்கள். மேஷோமஷாய் இதைப் பேச்சில் விளக்க மாட்டார். இரண்டு உள்ளங்கையாலும் குவளைகளை அணைத்து, கரகரவென்று சிமெண்டில் தேய்த்துக்கொண்டே ஒரு முழம் முன்னால் தள்ளுவார். அந்தச் சத்தம் மாடியில் இருக்கிற எங்களுக்குக் கேட்கும். “மேஷோமஷாய் அட்டாக் பண்றார்” என்பாள் என் மனைவி.

பொரோபாபு ஒன்றும் சொல்லாமல் ஓரக் குவளைகள் இரண்டை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். “இவர்கள் இங்கேயே நிற்கட்டும் மோஷாய். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் திருவிழாவுக்குப் போனால் எப்படி?”

மேஷோமஷாய்க்கு அமல் தத்தா மேலிருந்த பற்று, வெறும் கிளப் பற்று அல்ல. கோச் என்பதை ஒரு முழுநேரத் தொழிலாக நம் நாட்டில் யாரும் நினைக்காத காலத்தில், அறுபதுகளில், சொந்தச் செலவில் இங்கிலாந்து போய் அதைப் படித்துவிட்டு வந்தவர் அமல் தத்தா. திரும்பி வந்து, ஃபிலிம் சுருளும் புரொஜெக்டருமாகக் கிராமம் கிராமமாகப் போய், வெளிநாட்டு ஆட்டங்களைச் சுவரில் காட்டினார் என்று மேஷோமஷாய் சொல்வார். “இப்படியும் ஆடலாம் என்று நமக்குக் காட்டியவர், நம்மை அப்படி ஆடவைக்கப் பார்க்கிறார், அது தப்பா?” என்பார். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

பொரோபாபுவின் ஆள் பி.கே. பானர்ஜி. அவருக்குப் பிரதீப்தா, பிரதீப் அண்ணன். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்திய அணியின் கேப்டன். நம் சைமன் சுந்தரராஜ் ஆடிய அதே அணி. இந்தப் பெயரைச் சொல்லித்தான் பொரோபாபு என்னைத் தன் பக்கம் இழுத்தார். “உங்கள் ஊர்க்காரர் எங்கள் பிரதீப்தாவோடு ஆடியவர், நீ யார் பக்கம் நிற்பாய்?” பி.கே.யைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், தன் நல்ல வருஷங்களில் மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் ஆடினார். 1958இல் அந்த ரயில்வே அணி, பெரிய கிளப்புகளைத் தாண்டிக் கல்கத்தா லீக்கை ஜெயித்தது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு எதிராளியின் பலவீனத்தில் கை வைக்கிற புத்தி அவருக்கு அங்கே வந்ததுதான் என்பார் பொரோபாபு. “சின்ன வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் மோஷாய் கதவைச் சாத்தத் தெரியும்.”

உடனே மேஷோமஷாய் பி.கே.யைத் தற்காப்புக்காரர் என்பார். பொரோபாபுவுக்குக் கோபம் வரும். “1975 ஷீல்டு ஃபைனலில் உங்களுக்கு அஞ்சு கோல் போட்டோமே, அது தற்காப்பா?” இதற்குப் பதில் கிடையாது. ஐந்துக்குப் பூஜ்யம். அன்று ஈஸ்ட் பெங்காலின் கோச் பி.கே.தான். கொஞ்ச நேரம் திண்ணை அமைதியாக இருக்கும். அப்புறம் மேஷோமஷாய் மெதுவாக, “1977இல் பெலேயை எதிர்த்து ஈடன் கார்டனில் ரெண்டுக்கு ரெண்டு எடுத்தோமே, அன்று எங்கள் கோச் யார்?” என்பார். அதுவும் பி.கே.தான். அந்த வருஷம் எதிர் முகாமில் ஈஸ்ட் பெங்காலை நடத்தியவர் அமல் தத்தா. இரண்டு கோச்சுகளும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்கள். அதனால் எந்த வாதமும் ஒரு சுற்று சுற்றி, சொன்னவர் மடியிலேயே வந்து விழும்.

நான் அப்போது பொரோபாபு கட்சி. ஈஸ்ட் பெங்கால் கட்சி என்று சொல்ல முடியாது, தமிழனுக்கு அங்கே எந்தக் கரையும் இல்லை. பள்ளியில் நான் பேக் ஆடினவன். பந்து வந்தால் யோசிக்காமல் தூக்கி அடி, அழகு பார்க்காதே என்றுதான் டிரில் மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். கைக்குழந்தை, வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு, கதவைச் சாத்திவிட்டுப் படு என்கிற ஆட்டம்தான் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்த ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை. காலிறுதியில் மோகன் பகான் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸை ஆறு கோல் வித்தியாசத்தில் நொறுக்கியது. மறுநாள் பால்காரர் முதல் டிராம் கண்டக்டர் வரை வைரத்தைப் பற்றித்தான் பேச்சு. அரையிறுதியில் எதிரே ஈஸ்ட் பெங்கால், பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால். அமல் தத்தா பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறந்தார். எதிரணி பைச்சுங் பூட்டியாவை ‘சும்சும்’ என்ற மிட்டாய்ப் பெயரில் கிண்டல் செய்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிஃபெண்டர் ஓமோலோவை ஆம்லெட் என்றார். மேஷோமஷாய் சிரித்தார். பொரோபாபு சிரிக்கவில்லை. “இதைப் பிரதீப்தா அந்தப் பையன்களுக்குப் படித்துக் காட்டுவார். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை” என்றார். ஆட்டக்காரர்களைப் பேசியே உசுப்பிவிடுகிற பி.கே.யின் திறமைக்கு அந்த ஊரில் ‘வோக்கல் டானிக்’ என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஷோமஷாய் என்னையும் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார். பொரோபாபு தன் ஆட்களோடு எதிர்ப்பக்கக் கேலரியில். லாரி லாரியாக வந்துகொண்டே இருந்தார்கள், ஒரு லாரியில் பச்சை–மெரூன், அடுத்ததில் சிவப்பு–மஞ்சள். உள்ளே நாற்காலி கிடையாது, வெறும் கான்கிரீட் படிகள். வெயிலில் காய்ந்த படி வேட்டியைத் தாண்டிச் சுட்டது. புழுக்கத்தில் கடுகெண்ணெய் வாசனையோடு ஜால்முரிக்காரன் ஆட்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனான். அன்று உள்ளே இருந்தவர்கள் 1,31,000 பேருக்கு மேல். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு சத்தம் வரும். சத்தம் என்பதைவிட, காதிலிருந்து எதையோ உருவி எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். அதை நான் அன்றைக்குப் பிறகு எங்கும் கேட்டதில்லை.

வைரம் முன்னே போனது. திண்ணையில் பார்த்த அதே நகர்தல், நிஜமான கால்களோடு. மேஷோமஷாய் என் தொடையைப் பிடித்துக்கொண்டு, “பார், பார்” என்றார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் போனவர்கள் விட்டுப்போன இடமும் தெரிந்தது. முதல் பாதியில் ஈஸ்ட் பெங்காலின் நாஸிமுல் ஹக் ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்து ஆட்கள் படியில் சரியாக உட்காரும் முன்பே பைச்சுங் இரண்டாவதைப் போட்டார். சிக்கிமிலிருந்து வந்த இருபது வயதுப் பையன். ஓடத் தொடங்கும்போது அவன் பக்கத்தில் யாரும் இல்லை என்பதைக் கேலரியின் உச்சியிலிருந்து நான் பார்த்தேன், பொரோபாபு திரும்பத் திரும்ப எடுத்து வைத்த அந்த ஓரக் குவளையின் இடம் அது. பிறகு மோகன் பகானின் சீமா ஒகோரி ஒன்றைத் திருப்பினார். எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது, எனக்கு முன்னால் இருந்தவர் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்போதாவது கொஞ்சம் நிதானித்திருக்கலாம். நிதானிக்கவில்லை. சமன் செய்ய எல்லோரும் முன்னே போனார்கள். கடைசி நிமிஷங்களில் பைச்சுங் இன்னும் இரண்டு. எதிர்க் கேலரியில் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் பிடித்தார்கள். ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாத தீப்பந்தங்கள்.

உல்டாடாங்கா வரை மேஷோமஷாய் பேசவில்லை. கூட்டத்தில் செருப்பு ஒன்று தொலைந்துவிட்டது, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், “ஒன்றுக்கு ரெண்டு என்று இருந்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் அவர்கள் பாதியில் இருந்தார்கள், எண்ணினாயா?” என்றார். இல்லை என்றேன். “நான் எண்ணினேன். எட்டுப் பேர்.” அதைச் சொன்னபோது அவர் கண் ஈரமாக இருந்தது. முகத்தில் அவமானம் மட்டும் இல்லை.

வீட்டில் மாஷிமா காலையிலேயே இறால் வாங்கி வைத்திருந்தார், ஜெயித்த பிறகு விலை ஏறிவிடும் என்று. மறுநாள் சாயங்காலம் அதைத் தேங்காய்ப்பாலில் சமைத்துப் பொரோபாபுவைக் கூப்பிட்டு அனுப்பினார். பொரோபாபு வந்தார், கையில் இலிஷ் மீனோடு. கேலி செய்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை இல்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் மீனை இவரும் இவர் இறாலை அவரும், முள்ளை மெல்ல எடுத்தபடி சாப்பிட்டார்கள். எழுந்து கை கழுவும்போதுதான் பொரோபாபு சொன்னார்: “மோஷாய், ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பிரதீப்தாவின் அணியை மட்டும் பார்க்க அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள்.”

அதற்கு அப்போது எனக்கு அர்த்தம் முழுசாகப் புரியவில்லை. இன்று புரிகிறது என்று நினைக்கிறேன். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்தால் பி.கே. செய்ததுதான் சரி, இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எதிராளி எதைத் திறந்து வைத்திருக்கிறான் என்று பார்த்து, அங்கே தன் வேகமான பையனை ஓடவிட்டார். அது கோழைத்தனம் இல்லை, அது ஒரு கலை. ஆனால் லட்சத்துக்கு மேல் ஜனங்கள் அந்தக் கான்கிரீட் படியில் வெந்துகொண்டு உட்கார்ந்தது, வைரம் நிஜமா என்று கண்ணால் பார்க்க. பந்தை வைத்துக்கொண்டு முன்னே போக ஒருவர் துணிந்தால்தான், அதை மடக்குகிற இன்னொருவரின் புத்தியும் நமக்குத் தெரியவரும். பேக் ஆடிய எனக்கு இதைச் சொல்ல இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தக் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கும் கிடைக்கவில்லை. இறுதியில் கோவாவின் சல்கோகரிடம் தோற்றார்கள். அந்த சீசனின் தேசிய லீக்கை மோகன் பகான் ஜெயித்தது, ஆனால் அப்போது கோச் அமல் தத்தா இல்லை, கேரளத்து சாத்துண்ணி. மேஷோமஷாய் ரசகுல்லா வாங்கினார். ஜெயிக்கிற நாளெல்லாம் ஒரு மண்சட்டி நிறைய வாங்கி, முதல் உருண்டையைப் பொரோபாபு வாயில் போடுவது அவர் வழக்கம். அன்றும் போட்டார், ஆனால் அவர் முகத்தில் பெரிய வெளிச்சமில்லை. ஜெயித்தது நம் அணிதான், ஆட்டம் நம்முடையதில்லை என்கிற மாதிரி இருந்தது.

அதற்கடுத்த வருஷம் மாற்றலாகி வந்துவிட்டோம். ஹௌராவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். மாஷிமா வரவில்லை, குழந்தையைப் பிரிய முடியாது என்று வீட்டிலேயே அழுதுகொண்டு இருந்துவிட்டார். மேஷோமஷாய் போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷம் ஆகிறது. மாஷிமாவும் இல்லை. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்று பொரோபாபு எழுதியிருந்தார். அடுக்குமாடிக்குத் திண்ணை கிடையாது.

2016 ஜூலையில் அமல் தத்தா இறந்தார். அன்று இரவுதான் யூரோ கோப்பை இறுதி. முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல், மூன்றையும் டிரா செய்து மேலே வந்த போர்ச்சுகல், கூடுதல் நேரத்தில் போட்ட ஒற்றைக் கோலில் பிரான்ஸை வீழ்த்தியது. ரொனால்டோ அடிபட்டு முன்பே வெளியே போயிருந்தார். கதவைச் சாத்தி ஜெயிப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. நள்ளிரவு தாண்டி டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து, அந்த அணியை மெச்சிக்கொண்டே, மனம் முழுக்க அமல் தத்தாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பி.கே. போனது 2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்னால். அன்று பொரோபாபுவே போன் செய்தார். ஒன்றும் பேசவில்லை. “ரெண்டு பேரும் போயாச்சு” என்றார், வைத்துவிட்டார். அந்த வருஷக் கடைசியில் இரண்டு கிளப்புகளும் ஐ.எஸ்.எல்.லில் முதல் தடவை மோதின. தொற்றுக் காலம், கோவாவில் காலி மைதானத்தில் ஆட்டம். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது டிவியில் தெளிவாகக் கேட்டது.

டீக்கடையிலிருந்து திரும்பியதும் பொரோபாபுவுக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். மகன் சொன்ன கதையைச் சத்தமாகச் சொன்னேன்: லண்டனில் ஓர் அணி, இரண்டு பேர் வெளியே, ஒன்பது பேர், அப்போதும் பின்னால் போகவில்லை, எல்லோரும் நடுக்கோட்டில்.

“ஒன்பது பேரா?” என்றார்.

“ஆமாம்.”

“ஓரத்தில் ஒருவன்கூடப் பின்னால் நிற்கவில்லையா?”

“இல்லை. ஒன்றுக்கு நாலு தோற்றார்கள்.”

கொஞ்ச நேரம் மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்:

“மோஷாய் இருந்திருந்தால் அன்றைக்கு ரசகுல்லா வாங்கியிருப்பார்.”